மூன்று எழுத்து ஒன்றானால் மூலமும் ஒன்றாகுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ள விரும்பும் ஒருவர், எம், ஏ, என் என்னும் மூன்று எழுத்துகள் அடுத்தடுத்து வரும் சொற்களை அகராதியிலிருந்து திரட்டி, ஒவ்வொன்றின் எதிரிலும் பொருளை எழுதி வைத்திருக்கிறார். 'மேன்' என்றால் மனிதன்; அப்படியானால் 'ஹியூமன்', 'மேனுவல்', 'பெர்மனென்ட்', 'ரொமான்ஸ்', 'மேங்கோ' ஆகிய எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வகையில் மனிதன் ஒளிந்திருக்கிறானா, எழுத்தைப் பிடித்துக்கொண்டு பொருளை மனத்தில் பதிய வைக்கும் இந்த முறை பயன் தருமா என்பது அவருடைய ஐயம்.

மனிதன் எல்லாச் சொற்களிலும் இல்லை. பல சொற்களில் இருப்பது கை. சிலவற்றில் தங்குதல், சிலவற்றில் நினைத்தல். எஞ்சியவற்றில் அந்த மூன்று எழுத்துகளும் தற்செயலாக ஒன்றுகூடியவை. தமிழில் 'கல்வி', 'கல்லறை', 'கல்யாணம்' என்னும் மூன்றும் 'கல்' என்றே தொடங்குகின்றன. முதலாவதில் கற்றல் என்னும் வினை இருக்கிறது, இரண்டாவதில் பாறையின் துண்டு இருக்கிறது, மூன்றாவது வடமொழியிலிருந்து முழுச்சொல்லாகவே வந்தது. இந்த மூன்றையும் ஒரே வேரில் கட்டிப்போட நமக்குத் தோன்றாது, ஏனென்றால் தமிழின் உட்கட்டு நம் காதுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அந்தக் காது இல்லாதபோது கண்ணை நம்பத் தொடங்குகிறோம். கண்ணுக்கு எழுத்துதான் தெரியும், வேர் தெரியாது.

முதலில் உண்மையிலேயே 'மேன்' இருக்கும் சொற்களைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ஆண் என்பது முதற்பொருள் அன்று. ஆணோ பெண்ணோ, ஓர் ஆள் என்பதே பொருள். ஆணைத் தனியே குறிக்க 'வெர்' என்ற சொல் இருந்தது. அது இன்று தனித்து வழங்கவில்லை. ஓநாயாக மாறும் மனிதனைக் குறிக்கும் 'வேர்வுல்ஃப்' என்னும் சொல்லுக்குள் தங்கியிருக்கிறது. வடமொழியின் 'வீர' என்பதும் இலத்தீனின் 'விர்' என்பதும் அதற்கு உறவுச் சொற்கள். பெண்ணைக் குறிக்க 'வீஃப்' என்பதோடு 'மன்' சேர்ந்து 'வீஃப்மன்' என்றானது. நாளடைவில் அது தேய்ந்து 'வுமன்' ஆயிற்று. எனவே 'வுமன்' என்பதற்குள் இருப்பது ஆண் அல்லன், ஆள். ஒருமையில் 'வு' என்று ஒலிக்கும் முதலசை பன்மையில் 'விமின்' என்று மாறுவது கற்பவர்களைத் திகைக்க வைக்கும். பழைய 'வீஃப்' என்பதன் உயிரோசை பன்மையில் மட்டும் பிழைத்துக் கிடக்கிறது என்று அறிந்தால் அந்தத் திகைப்புப் போய்விடும். 'ஹியூமன்' என்பதோ இந்தக் குடும்பமே அன்று. அது இலத்தீனின் 'ஹுமானுஸ்' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பொருள் ஒன்றாகவும் எழுத்து ஒன்றாகவும் இருந்தும் உறவு இல்லாத சொற்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இனி கைக்கு வருவோம். பட்டியலில் வளமான பகுதி இதுதான். இலத்தீனில் 'மானுஸ்' என்றால் கை. 'மேனுவல்' என்பதற்கு அகராதி தரும் இரண்டு முதன்மைப் பொருள்கள், கையால் செய்யப்படுவது என்பதும் வழிகாட்டும் சிறு நூல் என்பதும் ஆகும். இரண்டாவதை நாமும் 'கையேடு' என்றுதான் சொல்கிறோம். 'மேனுஸ்கிரிப்ட்' என்பது கையால் எழுதியது, நம் 'கையெழுத்துப்படி'. 'மேனகிள்' என்பது கைவிலங்கு. 'மேனிக்யூர்' என்பது கைநகங்களைப் பேணுதல். 'மேனிப்புலேட்' என்பது கையாளுதல். அச்சொல்லின் இரண்டாவது பொருளாக அகராதிகள் தரும் 'தன் நலத்துக்காகப் பிறரைத் தந்திரமாக ஆட்டிவைத்தல்' என்பதற்கு நம் 'கைவரிசை காட்டுதல்' வெகு அருகில் நிற்கிறது. இலத்தீனும் தமிழும் ஒன்றையொன்று பார்த்து எழுதவில்லை. செயல், ஆட்சி, திறமை, தந்திரம் ஆகியவற்றைச் சொல்லக் கையை விடப் பக்கத்தில் இருக்கும் கருவி எந்த மொழிக்கும் இல்லை என்பதே காரணம். தமிழ் வாசகர் ஒருவர் இந்தக் குடும்பத்தை நினைவில் வைத்துக்கொள்ள ஆங்கிலப் பொருளைவிடத் தமிழின் 'கை' அடையையே பற்றுக்கோடாகக் கொள்ளலாம் என்பது என் அனுபவம்.

இதே குடும்பத்தில் கை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மறைந்துபோன சொற்களும் உண்டு. 'மேனேஜ்' என்னும் சொல் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது குதிரையைக் கையாண்டு பழக்குவதைக் குறித்தது. அலுவலகத்தை நிர்வகிப்பதெல்லாம் அதன் பிற்காலப் பொருள். ஆணை என்று பொருள்படும் 'மேன்டேட்', கட்டளையாகிய 'கமாண்ட்', வலிந்து கேட்டலாகிய 'டிமாண்ட்' ஆகிய மூன்றும் 'மந்தாரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தவை. அது கை என்பதும் கொடு என்பதும் சேர்ந்து 'கையில் ஒப்படை' என்ற பொருளில் அமைந்தது என்று சொற்பிறப்பு அறிஞர்கள் கருதுகின்றனர். விடுதலை செய்தல் என்று பொருள்படும் 'இமான்சிபேட்' என்னும் சொல்லிலும் கை இருக்கிறது. உரோமச் சட்டத்தில் ஒன்றை உடைமையாக்குவது அதைக் கையால் பற்றுவதாகச் சொல்லப்பட்டது. அந்தப் பிடியிலிருந்து வெளியே விடுவது இந்தச் சொல்.

எல்லாவற்றிலும் வியப்பூட்டுவது எருவைக் குறிக்கும் 'மென்யூர்' என்னும் சொல்தான். அது முதலில் பெயர்ச்சொல்லாக இருக்கவில்லை. 'கையால் வேலை செய்', அதாவது நிலத்தைப் பண்படுத்து என்னும் வினையாக இருந்தது. பண்படுத்துவதில் உரமிடுவதும் அடங்கும் என்பதால், வினை மெல்லச் சுருங்கி உரமிடுதலையும், பிறகு அந்த உரத்தையும் குறித்தது. படை நகர்வையும் சூழ்ச்சித் திறத்தையும் குறிக்கும் 'மனூவர்' என்னும் மதிப்பான சொல்லும் அதே 'கையால் வேலை செய்' என்பதிலிருந்து பிறந்த உடன்பிறப்பு. ஒன்று போர்க்களத்துக்குப் போனது, மற்றொன்று எருக்குழிக்குப் போனது.

அகராதியை வாசிக்கும்போது நினைவில் இருக்க வேண்டிய ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அகராதியின் பொருள்வரி, அச்சொல் இன்று எவ்வாறு ஆளப்படுகிறது என்பதைச் சொல்வது; சொற்பிறப்புக் குறிப்பு, அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'மேனுஃபாக்சர்' என்பது 'கையால் செய்தல்' என்னும் வேர்ப்பொருள் உடையது. ஆனால் இன்றைய அகராதி அதற்குத் தரும் பொருள், பெரும்பாலும் இயந்திரங்களைக் கொண்டு பெருமளவில் பொருள்களை உண்டாக்குதல் என்பதாகும். வேர் கையைச் சொல்கிறது, வழக்கு இயந்திரத்தைச் சொல்கிறது. இந்த இடத்தில் வேரே உண்மையான பொருள் என்று வாதிடுவோரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பக்கம் நான் இல்லை. 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஒரு சொல்லுக்கு அப்பொருள் ஏன் வந்தது என்பது வெளிப்படையாகத் தெரியாது என்பது அதன் கருத்து; காரணம் இல்லை என்று அது சொல்லவில்லை, பார்த்த மாத்திரத்தில் தோன்றாது என்றுதான் சொல்கிறது. எழுத்துக்கோவையை வைத்துப் பொருளை ஊகிப்போர்க்கு அந்த ஒரு வரி போதுமானது.

அடுத்த இரண்டு குடும்பங்கள் சிறியவை. 'மனேரே' என்னும் இலத்தீன் வினைக்குத் தங்கு, நிலைத்திரு என்று பொருள். 'மேன்ஷன்', 'மேனர்', 'பெர்மனென்ட்' ஆகியவை அதன் வழி வந்தவை. பெரிய மாளிகையைக் குறிக்கும் 'மேன்ஷன்' ஒரு காலத்தில் வெறுமனே தங்குதலையும் தங்குமிடத்தையும் குறித்தது. மற்றொரு குடும்பம் நினைத்தல் என்னும் பொருளது. வடமொழியிலிருந்து வந்த 'மந்த்ரா', கிரேக்கத்திலிருந்து வந்து பித்தைக் குறிக்கும் 'மேனியா' ஆகிய இரண்டும் ஒரே தொல்வேரிலிருந்து கிளைத்தவை. இந்த வேரின் ஆங்கிலப் பிள்ளையாகிய 'மைண்ட்' என்பதில் நம் மூன்றெழுத்துக் கோவையே இல்லை. அதாவது, ஒரே எழுத்து இருந்தும் உறவில்லாத சொற்கள் எத்தனையோ, எழுத்து மாறியும் உறவுள்ள சொற்களும் அத்தனை உண்டு. பட்டியல் முறையின் பெரிய குறை, தவறானவற்றைச் சேர்ப்பது மட்டும் அன்று, சேர வேண்டியவற்றை வெளியே நிறுத்திவிடுவதும் ஆகும்.

இன்னும் சில சொற்களில் இந்தக் கோவை ஓர் உறுப்பாகக்கூட இல்லை. 'பெர்ஃபார்மன்ஸ்' என்னும் சொல்லில் 'எம்' முன்பகுதியாகிய 'பெர்ஃபார்ம்' என்பதற்கு உரியது. 'ஏ', 'என்' ஆகியவை பின்னொட்டைச் சேர்ந்தவை. செய்தி தருபவரைக் குறிக்கும் 'இன்ஃபார்மன்ட்', உறங்கு நிலையைக் குறிக்கும் 'டார்மன்ட்' ஆகியவற்றிலும் அப்படியே. தையல் விழுந்த இடத்தைக் கடந்து மூன்றெழுத்தையும் கத்தரித்து எடுத்திருக்கிறோம். புணர்ச்சியைத் தவறாகப் பிரித்துவிட்டுப் பொருள் தேடுவதற்கு இது ஒப்பாகும். 'ரொமான்ஸ்' என்பதில் இருப்பது உரோமர்களின் பெயர்: இலத்தீனில் அல்லாமல் மக்கள் பேசிய உரோம வழிமொழியில் எழுதப்பட்ட கதை என்பதிலிருந்து வீரக்கதைக்கும், அங்கிருந்து காதலுக்கும் அச்சொல் நகர்ந்தது.

சொற்பிறப்புப் பகுதி இல்லாத சிறு அகராதி மட்டுமே கையில் இருந்தால், ஓரளவு உதவக்கூடிய ஒரு சோதனை உண்டு: பன்மையைப் பாருங்கள். இறுதியில் உண்மையான 'மேன்' இருக்கும் சொற்கள் பன்மையில் 'மென்' என்று மாறும். 'ஃபயர்மேன்', 'ஃபிஷர்மேன்' போன்றவை அவ்வாறே. ஸ்வீடிஷ் மொழியிலிருந்து வந்த 'ஆம்பட்ஸ்மன்' கூட, அங்கே இருக்கும் 'மன்' உறவுச்சொல் என்பதால், பன்மையில் 'மென்' ஆகிறது. ஆனால் 'ஹியூமன்', 'ஜெர்மன்', 'ஷாமன்', 'ஆட்டமன்', 'டாலிஸ்மன்' ஆகியவை வெறும் 'எஸ்' மட்டும் பெறும். கடைசிச் சொல்லாகிய 'டாலிஸ்மன்', அதாவது தாயத்து, அரபு மொழி வழியாகக் கிரேக்கத்தின் 'தெலெஸ்மா' என்பதிலிருந்து வந்தது. அங்கே மனிதனும் இல்லை, கையும் இல்லை. இந்தச் சோதனைக்கு விலக்கும் உண்டு. 'நார்மன்' என்பது வடதிசை மனிதர் என்னும் பொருளில் உண்மையான 'மன்' உடையது. ஆயினும் பிரெஞ்சு மொழி வழியாகத் திரும்பி வந்தமையால் தன் இனத்தை மறந்து 'நார்மன்ஸ்' என்றே பன்மை கொள்கிறது.

முழு அகராதி இருந்தால் இந்தச் சுற்றுவழி தேவையில்லை. பொதுவாகச் சதுர அடைப்புக்குள் வரும் சொற்பிறப்புக் குறிப்பே தீர்ப்புச் சொல்லிவிடும். அதோடு, தலைச்சொல்லின் தோளில் இடப்படும் சிறிய எண்ணையும் கவனிக்க வேண்டும். எழுத்து முழுவதும் ஒன்றாக இருந்தும் மூலம் வேறானால், நல்ல அகராதிகள் அவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாகப் பதிந்து எண்ணிடும். தீக்குச்சியாகிய 'மேட்ச்' விளக்குத்திரியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இணை, போட்டி என்னும் பொருளுடைய 'மேட்ச்' பழைய ஆங்கிலத்தில் துணையைக் குறித்த சொல். எனவே அவை இரண்டு பதிவுகள். மூலம் ஒன்றாகவும் பொருள் பலவாகவும் இருந்தால் ஒரே தலைச்சொல்லின் கீழ் ஒன்று, இரண்டு என்று பொருள்கள் வரிசையாக வரும். அந்த வரிசையும் எல்லா அகராதிகளிலும் ஒரே அடிப்படையில் அமைவதில்லை. 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் நிறைவெய்திய ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி, பழைய பொருளை முதலிலும் புதியதைப் பின்னும் வைக்கிறது; மாணவர்க்கான அகராதிகள் இன்று மிகுதியாக வழங்கும் பொருளை முதலில் வைக்கின்றன. முதல் பொருளே முதன்மைப் பொருள் என்று எண்ணிப் பேரகராதியைத் திறப்பவர், வழக்கொழிந்த பொருளை எழுதிக்கொண்டு போய்விடக்கூடும்.

எழுத்தொற்றுமையை வைத்துச் சொற்களைத் திரட்டுவது வீண் வேலை என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேறு பயன்கள் உண்டு. ஜான் வாக்கர் 1775இல் வெளியிட்ட ஆங்கில அகராதி, சொற்களை முதலெழுத்தால் அடுக்காமல் இறுதி எழுத்தால் அடுக்கியது. இயைபு தேடும் கவிஞர்க்கு அது கைகொடுத்தது. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியின் நான்கு பகுதிகளுள் ஒன்றாகிய தொடையகராதியும் எதுகைச் சொற்களைத் திரட்டித் தருவதுதான். ஒரே பின்னொட்டுடைய சொற்களை ஒரே இடத்தில் காண விரும்பும் மொழி ஆய்வாளர்க்கும் இறுதி எழுத்து வரிசை உதவுகிறது. இன்றைய மின்னகராதிகள் பலவற்றில் தெரியாத எழுத்துகளுக்குப் பதிலாக ஓர் உடுக்குறியை இட்டால் இந்தப் பட்டியல் நொடியில் வந்துவிடும். இவை எல்லாமே ஓசைக்கும் அமைப்புக்குமான தேடல்கள், பொருளுக்கானவை அல்ல.

ஆனாலும் ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. தற்செயலாகச் சேர்ந்த எழுத்துகளுக்கு, பேசுவோரே பொருள் ஏற்றிவிடுவதும் உண்டு. பெண்பாலைக் குறிக்கும் 'ஃபீமேல்' என்பதற்குள் ஆண்பாலாகிய 'மேல்' பிறப்பில் இல்லை. பழைய வடிவம் 'ஃபெமெல்' என்பதுதான். இரண்டும் இணை போலத் தோன்றியதால் மக்கள் எழுத்தை மாற்றி இணையாக்கிவிட்டார்கள். 'ஹாம்பர்கர்' என்பது ஹாம்பர்க் நகரத்தின் பெயர். அதில் பன்றி இறைச்சியாகிய 'ஹாம்' இருப்பதாகப் பிரித்துக் கண்டதால், 'பர்கர்' என்று ஒரு தனிச்சொல் பிறந்து இன்று அகராதியில் தனி இடம் பெற்றிருக்கிறது. 'ஹெலிகாப்டர்' என்பது சுருள் என்று பொருள்படும் 'ஹெலிக்கோ', இறகு என்று பொருள்படும் 'ப்டர்' என்னும் இரண்டு கிரேக்க உறுப்புகளால் ஆனது. ஆங்கிலேயர் காதுக்கு அது 'ஹெலி', 'காப்டர்' என்று பிரிந்தது, அந்த இரண்டு துண்டுகளுமே இப்போது உயிரோடு உலவுகின்றன. 1946இல் அணுகுண்டுச் சோதனை நடந்த பிகினித் தீவின் பெயரை அதே ஆண்டு ஒரு நீச்சலுடைக்கு இட்டார்கள். அதன் முதலசையை 'இரண்டு' என்னும் இலத்தீன் முன்னொட்டாகப் பாவித்து, 1964இல் ஒற்றைத் துண்டு உடைக்கு 'மோனோகினி' என்று பெயர் வைத்தார்கள். 'ஆல்கஹாலிக்' என்பதன் வாலை வெட்டி 'வொர்க்கஹாலிக்' என்று ஒட்டியதும் இப்படித்தான். மூலச்சொல்லோ கண்ணுக்கு இடும் மையைக் குறித்த அரபுச் சொல். பிழையாகப் பிரித்தது வழக்கில் ஊன்றிவிட்டால், அகராதி அதைப் பிழை என்று தள்ளுவதில்லை; பொருளையும் பதிந்து, அது பிறந்த விதத்தையும் பதிந்துவிடும்.

வேறொரு கோவையில் பயிற்சி செய்து பார்க்க விரும்பினால், மிதிகட்டையாகிய 'பெடல்' என்பதன் முதல் மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்ளலாம். 'பெடல்', நடந்து செல்பவராகிய 'பெடஸ்ட்ரியன்', பூரானாகிய 'சென்டிபீட்' ஆகியவற்றில் இருப்பது நம் 'பாதம்' என்பதற்கு உறவான இலத்தீன் காலடி. குழந்தை மருத்துவமாகிய 'பீடியாட்ரிக்ஸ்' என்பதிலும் கற்பித்தல் கலையாகிய 'பெடகாஜி' என்பதிலும் இருப்பது கிரேக்கக் குழந்தை. 'டார்பிடோ' என்பதில் இரண்டும் இல்லை: மரத்துப்போதல் என்னும் பொருளில் மின்னதிர்ச்சி தரும் மீனுக்கு இட்ட பெயர் அது. குலவரிசையைக் குறிக்கும் 'பெடிக்ரீ' என்பதில் காலடி இருக்காது என்றுதான் எவரும் சொல்வர். ஆனால் வம்சப் பட்டியலில் கிளை பிரிவதைக் காட்டும் கோடுகள் கொக்கின் கால்தடம் போல இருந்ததால், 'கொக்கின் பாதம்' என்னும் பிரெஞ்சுத் தொடரே அப்பெயராயிற்று.

ஆகவே கேட்டவர் தம் பட்டியலைக் கிழித்துப்போட வேண்டாம். அதை நான்கைந்து பட்டியலாகப் பிரித்துக்கொண்டால் போதும். கை என்று ஒன்று, தங்குதல் என்று ஒன்று, நினைத்தல் என்று ஒன்று, ஆள் என்று ஒன்று, எதிலும் சேராதவை என்று ஒன்று. கைப் பட்டியலில் உள்ளவற்றை ஒருங்கே படித்தால் ஒன்று மற்றொன்றை நினைவூட்டும். ஐந்தாவதில் உள்ளவற்றைத் தனித்தனியாகத்தான் படிக்க வேண்டும். 'மேங்கோ' அந்த ஐந்தாவதில்தான் வரும். தமிழின் 'மாங்காய்', மலையாளத்தின் 'மாங்ங' ஆகியவற்றின் வழியே போர்த்துகீசியரிடம் 'மங்கா' ஆகி ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. 'மேன்டரின்' என்பதை மட்டும் எந்தப் பட்டியலில் வைப்பது என்று எனக்கே ஒரு தயக்கம் உண்டு. வடமொழி 'மந்திரி' மலாய் வழியாகப் போர்த்துகீசியரிடம் போய்ச் சீன அதிகாரியைக் குறித்தது என்பதால் அது நினைத்தல் பட்டியலுக்கு உரியது. ஆனால் நடுவில் இருந்த 't' ஓசை 'd' ஓசையானதற்குக் காரணம், கட்டளையிடு என்னும் பொருளுடைய 'மந்தார்' என்ற போர்த்துகீசியச் சொல்லின் செல்வாக்கு என்கிறார்கள், அந்தச் சொல்லோ கைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நான் அதை நினைத்தல் பட்டியலில் எழுதி, பக்கத்தில் கை என்று சிறிதாகக் குறித்து வைத்திருக்கிறேன்.